இரும்புத்தோளன் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள்

ஊரே இடிந்து விழும்போது பின்னால் தலைதெறிக்க ஓடுகிறார்களே, அவர்கள் யார் என்று காமிக்ஸ் படிக்கிற எவனாவது யோசித்ததுண்டா? யோசிக்க மாட்டான். அவன் கண்ணெல்லாம் நாயகன் மேல். ஓடுகிற அத்தனை பேரையும் ஒருத்தி குனிந்து உட்கார்ந்து, கழுத்து வலிக்க, மூக்கும் முழியுமாக வரைந்திருக்கிறாள் என்பது அவனுக்கு எதற்கு?

அந்த ஒருத்திதான் கூட்டத்தம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் 'அதிரடி அணி' மாதப் பத்திரிகையின் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் கூட்டத்தம்மா என்றுதான் சொல்வார்கள். நாயகர்களையும் வில்லன்களையும் வரைய அங்கே பெரிய ஓவியர் என்று ஒருவர் இருந்தார். முறுக்கேறிய புஜங்களையும் பறக்கிற அங்கிகளையும் போட்டுவிட்டு, மிச்ச இடத்தில் பென்சிலால் 'கூட்டம்' என்று கிறுக்கி அவள் மேஜைக்குத் தள்ளிவிடுவார். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை காது, எத்தனை செருப்பு இருக்கிறது என்பதெல்லாம் அவர் கவலை இல்லை.

இத்தனை முகங்களுக்கு அவள் எங்கே போவாள்? மனதிலிருந்து வரைந்தால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரே முகமாகிவிடும். அதனால் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே சொந்தபந்தங்களைப் பிடித்துப் போட ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய பெரியம்மா மேல் இதுவரை விழாத கட்டடம் இல்லை. சித்தப்பாவின் வழுக்கைத் தலையில் ஒரு மணிக்கூண்டு விழுந்திருக்கிறது. நாத்தனாரை ஒரு ராட்சதத் தவளை விழுங்கி, நாயகர்களின் அணி வந்து அதன் வயிற்றைக் குலுக்கி வெளியே எடுத்தது. முதலில் எல்லோரும் கோபித்துக்கொண்டார்கள். அப்புறம் ருசி கண்டுவிட்டது. ஒரு மாதம் படத்தில் வரவில்லை என்றால் போதும், போன் போட்டு, "ஏம்மா, எங்களையெல்லாம் மறந்துட்டியா" என்று பெரியம்மா மூக்கை உறிஞ்சுவாள்.

இவ்வளவு பேரில் அவள் கணவர் மட்டும் ஒரு படத்திலும் கிடையாது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாத மனிதர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் மனிதர்களைப் பார்க்கும் முன் லிஃப்டின் சத்தத்தைத்தான் கேட்பார். உறவினர்கள் கூடும் இடத்தில் பத்திரிகையை விரித்துவைத்து அவரவர் அவரவரைத் தேடும்போது, அவர் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருப்பார். "என்ன மாப்பிள்ளை, ஊரே அழியுது, உங்களை மட்டும் காணோமே" என்று சித்தப்பா கிண்டல் செய்வார். "நான் வேலைக்குப் போயிருப்பேன்" என்பார் அவர். எல்லோரும் சிரிப்பார்கள். கூட்டத்தம்மாவும் சிரிப்பாள். விஷயம் அத்தோடு முடிந்தது என்றே அவள் நினைத்திருந்தாள். பக்கத்திலேயே இருப்பவரின் மனசு நமக்குத் தெரியாமலா போகும் என்கிற மிதப்பு, வேறென்ன.

அப்போதுதான் கல்யாணம் வந்தது. அணியின் தலைவன் இரும்புத்தோளனுக்கும் காற்றழகிக்கும். காதலிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஞாபகத்தை இழக்கிறார்கள், மறுபடி காதலிக்கிறார்கள் என்று கதாசிரியர் இழுத்துக்கொண்டே போனதில் வாசகர்களுக்கு அலுத்துப்போய், இனியும் கல்யாணம் பண்ணிவைக்காவிட்டால் பத்திரிகை வாங்குவதையே நிறுத்திவிடுவோம் என்று கிளம்பிவிட்டார்கள். சிறப்பிதழ் என்று எடிட்டர் அறிவித்தார். நடுவில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படம். மண்டபம் நிறைய விருந்தினர். பெரிய ஓவியர் மணமக்களை மட்டும் போட்டுவிட்டு, மிச்ச இடத்தில் 'கூட்டம்' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

விஷயத்தை அவள் அம்மாவிடம் மட்டும்தான் சொன்னாள். அம்மாவிடம் சொன்னபின் ஊருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. போன் அடிக்க ஆரம்பித்தது. இத்தனை காலம் இடிபாட்டில் கிடந்தவர்களுக்கெல்லாம் முன்வரிசை வேண்டுமாம். பெரியம்மா, "இந்தத் தடவையாவது என்னை வாயை மூடிக்கிட்டு உட்கார்ற மாதிரி போடு" என்றாள். நாத்தனார், "உங்க பெரியம்மா பக்கத்துல என்னைப் போட்டுடாதே, போன விசேஷத்துல என்கிட்ட அவங்க முகம் கொடுத்துப் பேசலை" என்றாள். சித்தப்பா சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில், "கல்யாணம்கிறதால கேக்கறேன், கொஞ்சம் முடி வைக்க முடியுமா?" என்றார்.

கணவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவாறே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போனை வைத்ததும், தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"இந்தக் கல்யாணத்துக்காவது என்னைக் கூப்பிடுவியா?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"உன் சொந்தம், என் சொந்தம், எல்லாருக்கும் ஆளுக்கொரு ஆபத்து கொடுத்துட்ட. எனக்கு ஒண்ணுகூட கொடுக்கலை. சரி, ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டேன். கல்யாணத்துக்கும் கூப்பிடலைன்னா, உனக்கு நான் யாருன்னு எனக்கே சந்தேகம் வந்துடும்."

சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டார். இந்த மனிதர் இதை எத்தனை காலமாக உள்ளே போட்டுப் பூட்டிவைத்திருந்தார்! ஏன் அவரை வரையவில்லை என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் கை அவர் பக்கம் போகாமல் வேறு யாரையாவது பிடித்துக்கொண்டுவிடும். அதை அவரிடம் சொன்னால் நம்புவாரா? கல்யாணத்தில் முன்வரிசையில், நடுவில் நடக்கிற வழியை ஒட்டிய நாற்காலியில் அவரை உட்கார வைத்தே தீர்வது என்று முடிவு செய்தாள். இனிப் பெரியம்மாவே அழுதாலும் அந்த நாற்காலி அவருக்குத்தான்.

முடிவு செய்வது சுலபம். அவர் நாற்காலியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, மற்றவர்களை வரைந்து முடித்துப் பார்த்தபோதுதான் விபரீதம் தெரிந்தது. மணமக்கள் மேடையில் மோதிரம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மண்டபத்தில் ஒருவர் விடாமல் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்க்கிறார்கள். பாதிப் பேர் நாற்காலியை விட்டு எழுந்தாயிற்று. ஒரு தாய் குழந்தையை வாரி அணைத்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருஷம் ஓடுகிறவர்களையே வரைந்த கைக்கு, சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதனை வரையத் தெரியவில்லை.

பெரிய ஓவியர் எட்டிப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவங்க கல்யாணத்துக்கு வந்தவங்களா? இல்ல, கல்யாணம் பண்ணிக்காதீங்கன்னு எச்சரிக்க வந்தவங்களா?"

"உங்க மாப்பிள்ளை மூஞ்சியைப் பார்த்தா எவனும் அப்படித்தான் எழுந்து ஓடுவான்" என்று அவள் பதிலுக்கு ஒன்று போட்டாள். ஆனாலும் தாளைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். வேறு என்ன செய்வது?

விடுமுறை நாளில் கணவரை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் சொல்லாமலே அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். "கல்யாணத்துக்குப் போறோம்ல" என்றார். அவள் அவரைப் பெரியம்மாவாக உட்காரச் சொன்னாள். மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாத்தனாராக உட்காரச் சொன்னாள். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டார். கூடப் பிறந்தவர், தெரியாதா அவருக்கு! சித்தப்பாவாக, குழந்தையாக, தூங்கி வழிகிற தாத்தாவாக, பொழுது சாயும்வரை அந்த ஒரு மனிதர் ஒரு மண்டபமே ஆனார். கடைசியில், "இப்ப நான் யாரு?" என்று கேட்டார்.

"இப்ப நீங்க நீங்கதான்."

அவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டு, கொஞ்சமாகச் சிரித்தார். அதை அப்படியே எடுத்துப் போட்டாள். மறுநாள் எடிட்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான்மா கல்யாணக் களை வந்திருக்கு" என்று சொல்லி, வர்ணத்துக்கும் அச்சுக்கும் அனுப்பிவிட்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கதாசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முழுக் கதையையும் மொத்தமாகக் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. கொஞ்சம் எழுதுவார், அதை வரையவிடுவார், அப்புறம் மிச்சத்தை யோசிப்பார். நடுப்பக்கம் அச்சுக்குப் போனபிறகுதான் அடுத்த பக்கத்தின் குறிப்பு வந்தது. கூட்டத்தம்மா படித்தாள். 'மண்டபத்தின் கூரை பிளக்கிறது. வில்லன் இறங்குகிறான். முன்வரிசை சிதறி ஓடுகிறது.'

நேராகக் கதாசிரியரின் அறைக்குப் போனாள்.

"ஏன் சார், ஒரு கல்யாணம் ஒழுங்கா நடந்துட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சுடும்?"

கதாசிரியர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். "அணிக் கதையில கல்யாணம்னா வில்லன் வரணும்மா. வில்லன் வராத கல்யாணத்துக்கு எவன் காசு கொடுப்பான்?"

"பின்வரிசை மேல விழட்டுமே. அங்க யாரோ எவரோ."

"மேடை முன்னாடிதானே இருக்கு? வில்லன் பின்வாசல் வழியா வந்து செருப்பை விட்டுட்டு வருவானா?"

இந்த ஆளிடம் பேசிப் பிரயோஜனமில்லை. நடுப்பக்கத்தையும் இனி மாற்ற முடியாது. ஒரு பக்கத்தில் உட்கார்ந்தவர் அடுத்த பக்கத்தில் இருந்தாக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள். ஓடுகிறவர்களை வரைவது அவளுக்குக் கைவந்த வேலையாயிற்றே. பெரியம்மா கதறிக்கொண்டு ஓடினாள். நாத்தனார் ஓடினாள். புதிதாக முடி முளைத்த சித்தப்பா ஓடினார். அத்தனை பேரும் வலது பக்கம், வாசலை நோக்கி.

கணவரிடம் வந்ததும் கை நின்றுவிட்டது.

வாயைப் பிளந்து வரைந்தாள். அது யாரோ மாதிரி இருந்தது. அழித்தாள். கண்ணை அகட்டினாள், கொட்டாவி விடுகிற மாதிரி வந்தது. முகமே வேண்டாம் என்று முதுகை மட்டும் போட்டாள். அந்த முதுகும் ஓட மறுத்தது. அழித்து அழித்துத் தாள் மெலிந்துபோயிற்று. ஊரில் உள்ள அத்தனை பேருடைய பயந்த முகமும் அவளுக்கு அத்துப்படி. இவருடையது மட்டும் தெரியவில்லை. ஒரு தடவை சமையலறையில் கேஸ் குழாய் தீப்பிடித்தபோது, வாசலுக்கு ஓடியது அவள். அவர் அவளைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார். அப்போதும் அவர் முகத்தில் பயத்தை அவள் பார்க்கவில்லை. இந்த மனிதரை எப்படி ஓடுகிறவர்களோடு சேர்ப்பது? இத்தனை வருஷம் கை ஏன் அவர் பக்கம் போகவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தாள் நனையக் கூடாதென்று தள்ளி உட்கார்ந்து துடைத்துக்கொண்டாள். அப்புறம் குனிந்து, நிறுத்தாமல் வரைந்து முடித்தாள்.

எடிட்டர் பார்த்தார். "எல்லாரும் வலது பக்கம் ஓடறாங்க. இந்தச் சலவைச் சட்டைக்காரர் மட்டும் இடது பக்கம் ஓடறார். தப்பா போட்டுட்டியாம்மா?"

"தப்பில்லை சார்."

"ஹீரோ அணியே அங்க இருக்கு. இவர் எதுக்கு உள்ளே போறார்?"

"அவர் அப்படித்தான் சார். விட்டுடுங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, எடிட்டர் விட்டுவிட்டார்.

இதழ் வந்த அன்றே பெரியம்மாவின் போன் வந்துவிட்டது. "நிம்மதியா ஒரு பக்கம் உட்கார விட்டியே, அதுவே புண்ணியம்" என்றாள். சித்தப்பா தன் முடியை ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. கணவர் வேலை முடிந்து வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு, மேஜையில் பத்திரிகையை விரித்தார். அவள் அடுப்படியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுப்பக்கத்தில் வெகுநேரம் இருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவரின் சட்டைக் காலரை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

"நான் மட்டும் ஏன் தப்பான பக்கம் ஓடறேன்?"

"எடிட்டரும் அதைத்தான் கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"அவர்கிட்ட சொல்லலை. உங்ககிட்ட சொல்றேன்." அவள் ஈரக் கையோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். "உங்களை ஓடற கூட்டத்துல போட என்னால முடியலைங்க. ஒவ்வொரு தடவையும் முடியலை. அதான் இத்தனை நாளா நீங்க வரலை. கூரை விழுதுன்னா எல்லாரும் வெளிய ஓடுவாங்க. உள்ள நான் இருந்தேன்னா, நீங்க எந்தப் பக்கம் ஓடுவீங்க?"

அவர் பத்திரிகையைப் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டு படத்தின் இடது பக்கத்தைத் துழாவினார். தூசி, உடைந்த நாற்காலிகள், சரிந்த தூண். மூக்கு தாளில் படுகிற அளவுக்குக் குனிந்து தேடினார்.

"நீ எங்க இருக்க?"

"நான் என்னை வரையலையே."

"ஆளே இல்லாத இடத்துக்கா இவ்வளவு வேகமா ஓடறேன்?"

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் மாம்பழம் வரைந்ததற்கே அடி வாங்கியவர் அவர். தூணுக்குப் பின்னால், தூசிக்குள், ஒரு வட்டம் போட்டார். இரண்டு புள்ளி வைத்தார். பின்னந்தலையில் ஒரு கொண்டை; அது தலையைவிடப் பெரிதாக வந்துவிட்டது. கழுத்தே இல்லாமல் உடம்பு தொடங்கியது. கடைசியாக அவளுடைய ஒரு கையை, அவளை நோக்கி ஓடிவருகிறவரின் கையைத் தொடும்வரை, நீட்டிக்கொண்டே போனார்.

அளவு தப்பினால் யாரையும் சும்மா விடாதவள் கூட்டத்தம்மா. காலைவிட நீளமான அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு, ஒரு கோட்டைக்கூடத் திருத்தாமல் உட்கார்ந்திருந்தாள்.