மோகனூரில் நிற்காத நுரை

சேலம் ஜங்ஷன் சிற்றுண்டிச் சாலையில் ஒரு வெள்ளைக்காரர் பீர் குடித்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் பற்றிக்கொண்டது. கடைசி மடக்கு வரை இரண்டு விரற்கடை நுரை கலையவேயில்லை. பார்லியில் நிற்கும் நுரை நம் சோளத்தில் நிற்காதா? எட்டு மாதம் முளைகட்டி, வறுத்து, காய்ச்சி, புளிக்க வைத்தேன். நின்றது! மோகனூர்க் கள்ளுக்கடைக் குத்தகைக்காரர் வேலப்பர், "நொரை நின்னாக் காட்டுங்க, பீரு காய்ச்ச ஆத்தோரத்துக் கொட்டாயி உங்களுக்குத்தானுங்க" என்று சொல்லியனுப்பினார்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு மூன்று பாட்டில்களுடன் பஸ் ஏறினேன். ஆட்டையாம்பட்டி, திருச்செங்கோடு சுற்றி நாமக்கல்லுக்கு ஐம்பது மைல், பன்னிரண்டு அணா. மல்லசமுத்திரத்துக் குழியில் பஸ் குதிக்க, ஒரு பாட்டில் வெடித்தது.

"வெடிகுண்டா கொண்டு வாரீங்க?" என்றார் கண்டக்டர்.

பக்கத்திலிருந்த நெசவுக்காரம்மா பீரில் நனைந்த தன் நூல் மூட்டையைத் தூக்கிக் காட்டினார். "நூலுக்குக் கஞ்சி போடற கூலி மிச்சமுங்க சாமி!"

எனக்கோ உள்ளூர மகிழ்ச்சி. மூட்டைமேல் நுரை நெடுநேரம் அப்படியே இருந்தது.

நாமக்கல்லில் வண்டி மாறி, மோகனூர் சேரப் பன்னிரண்டரை. வேலப்பர் கோவணத்தோடு, உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் வழிய வெந்நீருக்குக் காத்திருந்தார். "சனிக்கெழமை பாருங்க. பரவால்ல, ஊத்துங்க!" மரியாதைக்குத் தாமே கண்ணாடி டம்ளரை எடுத்து, உள்ளே விரல்விட்டுத் துடைத்து நீட்டினார்.

மூன்று விரல் உயரம் பொங்கிய நுரை, ஐந்து எண்ணுமுன் அடங்கிவிட்டது. பதறிப்போய் அதே டம்ளரில் கடைசிப் பாட்டிலையும் கவிழ்த்தேன். அதுவும் அப்படியே.

"ஏஞ்சாமி, மாட்டு மூத்தரங்கூட இதைவிட நல்லா நொரைக்குமே!" கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவரே மனமிரங்கி என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க. கொட்டாயி நாளைக்குச் சோடாக்காரருக்குப் போவுதுங்க."

மூன்று மணிக்குக் காவிரியில் முகம் கழுவக் குனிந்தேன். வேலப்பர் பற்றிய உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டோடியது. எண்ணெய்! நுரையைக் கொன்றது டம்ளரைத் துடைத்த அவர் விரல்!

மூச்சிரைக்கத் திரும்பி ஓடினேன். குளித்துச் சாப்பிட்டுப் படுத்திருந்தவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "இப்ப எண்ணெ மேல பழியா? போய்ட்டு வாங்க சாமி."

காட்டுவதற்கு என்னிடம் ஒரு சொட்டு பீர் இல்லை. எட்டு மாதமும் ஒரு விரல் துடைப்பில் போயிற்று.

நாளை ஒரு படி சோளம் ஊறப்போடுவேன். புளித்ததும் இரண்டு டம்ளர் எடுப்பேன். ஒன்றைச் சாம்பலிட்டுக் கழுவி வெந்நீரில் அலசுவேன். மற்றதில் என் கையாலேயே ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவுவேன். எதில் நுரை நிற்கிறது என்று பார்ப்பேன். கூட நின்று பார்க்க யாரும் வரப்போவதில்லை.