ஆட்டுப்பால் குடிக்காத பறவை

மே மாதத்தின் முதல் வியாழக்கிழமை, பிற்பகல் விமானத்தில் நூவர்க்கிலிருந்து டாலஸுக்குப் புறப்பட்டேன். நான்கு மணி நேரப் பயணம். ஜெர்சி சிட்டியில் அன்று மழை; ஜர்னல் ஸ்குவேர் முழுக்கக் குடைகள். டாலஸில் இறங்கியபோது வெயில் முகத்தில் அடித்தது. இதற்கு முன் ஐந்தாறு முறை இங்கே வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முரளி காரோடு காத்திருப்பான், பின் சீட்டில் இரண்டு பைனாகுலர்கள் கிடக்கும். இந்த முறை நானே வாடகைக் கார் எடுத்துக்கொண்டேன். போன நவம்பரில் முரளி இறந்துவிட்டான்.

கோயம்புத்தூரில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள். நான் ஜெர்சியில் ஒரு வங்கிக்கு மென்பொருள் சோதனை செய்யப் போனேன், அவன் டெக்சஸுக்குப் போனான். பறவை பார்க்கும் பழக்கம் இருவருக்கும் அமெரிக்கா வந்த பிறகு தொற்றிக்கொண்டது. அவன் மனைவி சுகந்திக்குக் கோபிச்செட்டிபாளையம். அவள்தான் போன வாரம் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை கெளம்பறோம். அதுக்கு முன்னாடி அவரு வருஷா வருஷம் மே மாசம் போவாரே, அந்த ஆட்டுப் பண்ணை, அதை ஒருக்கா பாத்துட்டுப் போயிரலாம்னு இருக்குதுங்ணா. ஃப்ரீவேல அத்தனை தூரம் நான் டிரைவ் பண்ணுனதில்ல. நீங்க வர முடியுமா?"

விமான நிலையத்திலிருந்து அவர்கள் வீடு இருக்கும் காப்பெல் பதினைந்து நிமிடம். செங்கல் வீடுகள், வெட்டிய புல், வாசலுக்கு வாசல் ஒரே மாதிரி ஓக் மரம். சுகந்தியின் வீட்டில் சோபா இல்லை, சாப்பாட்டு மேசை இல்லை. எல்லாம் வாட்ஸப் குழுவில் விற்றுப்போயிருந்தன. கூடத்தின் நடுவே நான்கு பெட்டிகள். ஒன்றின் மேல் உட்கார்ந்து அவர்களின் மகள் நிலா போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு வயது. "ஹாய் அங்கிள்" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். கணவனின் வேலை விசாவைப் பிடித்துக்கொண்டு இங்கே வாழும் மனைவிக்கு, அந்தக் கணவன் போன நாளிலேயே இந்த நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விடுகிறது. சுகந்தி பார்வையாளர் விசாவுக்கு மாற்றிக்கொள்ள அப்ளை பண்ணி, வீட்டை ஒழிக்கவும் பிள்ளை பள்ளிக்கூடத்தை முடிக்கவும் ஆறு மாதம் கேட்டாள். அந்த மனு நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியே போனால் மனுவே செல்லாது. அதனால் முரளியின் அஸ்தியைச் சான் ஹோசேயில் இருக்கும் அவன் தம்பி வாங்கிக்கொண்டு போய்ப் பவானிக் கூடுதுறையில் கரைத்தான். அங்கே கூடியிருந்தவர்களிடம் அவன் விசாவைப் பற்றிச் சொல்லவில்லை. "அண்ணி வரலைன்னுட்டாங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

அதைவிட மோசமான பேச்சு ஒன்று காப்பெலிலேயே பிறந்திருந்தது. அது எனக்கும் ஜெர்சி வரை வந்து சேர்ந்திருந்தது. புருஷன் வீட்டுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்க, இவள் வெளியே நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாளாம்.

வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினோம். ஃபோர்ட் வொர்த்தைத் தாண்டிக் கட்டணச் சாலையில் தெற்கே இறங்கி, க்ளீபர்ன் வழியாகப் பண்ணை இருக்கும் க்ளென் ரோஸ். எண்பது மைலுக்குக் கொஞ்சம் மேல். ஃபோர்ட் வொர்த் வரைக்கும் கிடங்குகளும் கார்க் கடைகளும்தான். க்ளீபர்னுக்குப் பிறகு நிலம் மேடும் பள்ளமுமாக மாறி, சுண்ணாம்புக் கல்லும் குட்டை ஜூனிப்பர் மரங்களும் தென்பட்டன. வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி இரண்டு காப்பி வாங்கினேன். நிலா தனக்கும் காப்பி வேண்டும் என்றாள். சுகந்தி மறுக்கவில்லை. மறுக்கும் தெம்பு அவளிடம் இல்லை என்று தோன்றியது.

"வாட் பேர்ட் ஆர் வி சீயிங்?" என்று நிலா பின் சீட்டிலிருந்து கேட்டாள்.

"நைட்ஜார்னு ஒரு குடும்பம். உங்கப்பா பாக்கப் போவாரே, அது அதுல ஒண்ணு."

"ஜார்? லைக் எ பிக்கிள் ஜார்?"

இல்லை என்றேன். ஜார் என்பது கரகரவென்று அதிரும் சத்தத்துக்குப் பழைய ஆங்கிலச் சொல். இருட்டில் அப்படிக் கத்துகிற பறவை, அதனால் அந்தப் பேர். ஆனால் அது பிறகு வந்த பேர். அதற்கு முன் ஆங்கிலேயர்கள் இதை கோட்சக்கர் என்றுதான் அழைத்தார்கள்.

நிலா விழுந்து விழுந்து சிரித்தாள். "கோட்சக்கர்! சீரியஸ்லி?"

"ஆட்டுப்பால் உறிஞ்சின்னு அர்த்தம்" என்று சொல்லி, எனக்குத் தெரிந்ததை விவரித்தேன். பேர் ஆங்கிலத்தில் பிறந்ததுகூட அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்திலும் ரோமிலும் இந்தப் பேச்சு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பகலெல்லாம் கண்ணில் படாத பறவை, பொழுது சாயும்போது ஆட்டுப் பட்டிக்குள் தாழ்வாகப் பறந்து வரும். அலகு சின்னது, ஆனால் திறந்தால் வாய் தலையளவு விரியும். எங்கோ ஓர் ஆட்டுக்குப் பால் வற்றியது. மேய்ப்பன் ஒருவன் அந்த வாயைப் பார்த்தான். முடிந்தது. பாலைக் குடித்தது மட்டுமில்லை, குடித்த ஆட்டின் கண் குருடாகும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். லத்தீனில் ஆடு கறப்பது என்று பேர் வைத்தார்கள், ஆங்கிலேயர்கள் அதை அப்படியே தங்கள் மொழியில் போட்டுக்கொண்டார்கள். கன்றுக்கு வரும் ஒரு நோய்க்கும் இந்தப் பறவைக்கும் சில ஊர்களில் ஒரே பேர். இன்னும் சில ஊர்களில் பிணக்கோழி என்று பொருள் வரும் ஒரு பேர். நம் பக்கத்தில் இதன் இனத்தைப் பக்கி என்கிறோம். யாரையாவது திட்டும்போது சொல்கிற பக்கிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது.

"டிட் இட் ரியலி டிரிங்க் த மில்க்?"

"ஒரு சொட்டுகூட இல்ல. ஆட்டைச் சுத்திப் பூச்சி பறக்கும். அதைப் புடிக்கத்தான் வந்துச்சு."

"தென் வொய் டிடன்ட் தே சேஞ்ச் த நேம்?"

"சாதாரண பேச்சுல மாத்திட்டாங்க. ஆனா அறிவியல் புத்தகத்துல அந்தக் குடும்பத்துக்கு இன்னைக்கும் ஆடு கறக்கறதுன்னுதான் பேரு."

சுகந்தி ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். டெக்சஸில் இருக்கும் வகைக்கு என்ன பேர் என்று நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. ஆனால் நிலாவின் கையில் போன் இருந்தது.

"சக்-வில்ஸ்-விடோ" என்று படித்தாள். படித்து முடித்த பிறகுதான் விடோ என்றால் விதவை என்பது அவளுக்கு உறைத்தது. "சாரி, அம்மா."

அந்தப் பறவையின் கூவல் அந்த நாலு அசையைப் போல ஒலிக்கும், அவ்வளவுதான், வேறு அர்த்தம் இல்லை என்று நான் அவசரமாக விளக்கினேன்.

"இருக்கட்டும்ங்ணா" என்றாள் சுகந்தி. "என்னைப் பாத்துட்டுத்தான் வெச்சிருக்கானுங்க." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

பண்ணைக்காரி டோனாவுக்கு அறுபது வயதுக்கு மேல். முரளிக்கு எப்போதும் கொடுக்கும் மரக் குடிலையே எங்களுக்கும் கொடுத்தாள். ஒரு இரவுக்குத் தொண்ணூறு டாலர், காலை உணவு சேர்த்து. முரளி இறந்த செய்தியைச் சுகந்தி முன்பே மின்னஞ்சலில் தெரிவித்திருந்தாள். டோனா அவளைக் கட்டிப்பிடித்து, "சத்தமே போடாத மனுஷன். எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்து என் வாயை எரிய வைத்தான்" என்றாள் ஆங்கிலத்தில். நான் வந்ததிலிருந்து சுகந்தி அழுதது அப்போதுதான்.

சூரியன் மறைந்து சற்று நேரத்தில் ஓடைப் பக்கமிருந்து முதல் குரல் கேட்டது. பிறகு எதிர்ச் சரிவிலிருந்து இன்னொன்று. நாங்கள் பட்டியின் வேலியோரம் நின்றோம். வெள்ளையும் பழுப்புமாக முப்பது நாற்பது ஆடுகள், அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தன. பட்டி விளக்கைச் சுற்றி விட்டில்கள். உதிர்ந்த இலையின் நிறத்தில் ஒரு பறவை, சிறகின் ஓசையே இல்லாமல், ஆடுகளின் முதுகை உரசுவதுபோல வந்தது. வாய் திறந்தது. ஒரு விட்டிலைக் காணோம். திரும்பி ஜல்லிப் பாதையில் உட்கார்ந்தது. டார்ச்சைத் திருப்பினேன், கண் சிவப்புக் கங்குபோல மின்னியது.

"இட்ஸ் ஜஸ்ட் ஈட்டிங் மாத்ஸ்" என்றாள் நிலா மெதுவாக. அவளுக்கு ஏமாற்றமா கோபமா என்று சொல்ல முடியவில்லை.

கொசு கடிக்கிறது என்று அவள் குடிலுக்குள் போன பிறகு, சுகந்தி வேலியைப் பிடித்தபடி பேசினாள்.

"நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. ஆனா நீங்க நம்பலைன்னு தெரியும்ங்ணா, நம்பியிருந்தா வந்திருக்க மாட்டீங்க. அன்னைக்கு அவருக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். நிலா ஸ்கூலுக்குப் போயிட்டா. மீட்டிங்ல இருந்தவரு எந்திரிச்சு வந்து, நெஞ்சு என்னமோ பண்ணுதுன்னாரு. மூஞ்சியப் பாத்ததுமே நான் ஆம்புலன்சுக்கு நைன் ஒன் ஒன் கூப்பிட்டுட்டேன். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கல. அங்க போனை எடுத்த பொண்ணு எல்லாம் கேட்டுட்டு, கதவைத் தெறந்து வெச்சுட்டு வாசல்ல போய் நில்லுங்க, வண்டிக்கு வீடு தெரியணும்னு சொன்னா. அவருதான், போ, போய்க் கதவைத் தெறன்னாரு. நல்லாத்தான் பேசுனாரு. நான் போனைக் காதுல வெச்சுட்டே வெளிய வந்து நின்னேன். சைரன் கேட்டுது. கையை ஆட்டுனேன். உள்ள வந்து பாத்தா..."

எதிர்ச் சரிவுப் பறவை விடாமல் கூவிக்கொண்டிருந்தது.

"அந்த ரெண்டு நிமிஷம்தான் நான் அவருகூட இல்ல. அதைத்தான் எல்லாரும் பாத்திருக்காங்க."

இதைக் கொழுந்தனிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாளாம். "அப்புறம் எதுக்கு அண்ணி வெளிய நின்னீங்கன்னு திருப்பிக் கேக்கறாரு. பதில் சொன்னதுக்கப்புறமும் அதே கேள்வி."

சனிக்கிழமை மாலை காப்பெல் திரும்பினோம். மறுநாள் காலை, பெட்டிகளை நான் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஹேமா வந்தார். சென்னைக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் அலுமினியத் தாளில் சுற்றிய புளியோதரை. வந்ததும் கண் கலங்கிவிட்டார்.

"ஃபிளைட்ல சாப்பிடுங்க சுகந்தி. நிலாவுக்குப் பிடிக்கும்னு காரம் கம்மியா போட்டிருக்கேன்."

சுகந்தி பொட்டலத்தை வாங்கவில்லை. குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"ஹேமாக்கா, அன்னைக்கு நீங்க என்ன பாத்தீங்க?"

"என்னைக்கு?"

"உங்களுக்குத் தெரியும்."

ஹேமா என்னைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார். "நீ வாசல்ல போன் பேசிண்டிருந்த. அதத்தான் சொன்னேன். வேற ஒரு வார்த்தை நான் சேர்த்துச் சொல்லல, சத்தியமா."

"ஆம்புலன்ஸ் வந்ததையும் பாத்தீங்கள்ல?"

"அது அப்புறம் வந்தது."

"நான் யாருகூடப் பேசிட்டிருந்தேன்னு ஒருக்கா கேட்டிருக்கலாமேக்கா. ஆறு மாசம் எதுத்த வீட்லதான இருந்தேன். தெனமும் குப்பைத் தொட்டி எடுத்து வைக்க வெளிய வந்தேன்."

"அந்த நேரத்துல போய் எப்படிம்மா கேக்கறது? சங்கடமா இருக்காதா?" ஹேமாவின் கண்ணீர் உண்மைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. "விடும்மா, இப்ப எல்லாரும் மறந்தாச்சு."

சுகந்தி பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "நைன் ஒன் ஒன்கிட்டப் பேசிட்டிருந்தேன். இதையும் எல்லாருகிட்டயும் சொல்லுங்க" என்றாள். ஹேமா தலையாட்டினார். அதைச் சொன்னால் கேட்க எந்தக் காது காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விமான நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. இங்கேயே பிறந்த நிலாவின் கையில் அமெரிக்காவின் நீலப் பாஸ்போர்ட், சுகந்தியின் கையில் கறுப்பு நீலமாய் நம் பாஸ்போர்ட். "ஐ கேன் ஸ்டே ஹியர் ஃபார்எவர். ஷீ கான்ட்" என்று நிலா என்னிடம் சொன்னாள், ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோல. பாதுகாப்புச் சோதனையின் வளைவில் சுகந்தி திரும்பிக் கையசைத்தாள். "போயிட்டு வர்றேங்ணா" என்பது அவள் வாயசைவில் தெரிந்தது. எங்கே திரும்பி வருவது? அவளை அனுப்பும் இந்த ஊர் அவளுக்கு ஒரு பேர் வைத்துவிட்டது. போய்ச் சேரும் கோபியில் அந்தப் பேர் அஸ்தியோடு சேர்ந்து முன்பே போய்விட்டது.

அன்று மாலை நூவர்க்கில் இறங்கினேன். இங்கே மழை விட்டிருந்தது. வீட்டில் என் மனைவி தோசை வார்த்துக்கொண்டே விசாரித்தாள். பண்ணை, பறவை, பட்டி, வேலியோரம் சுகந்தி சொன்னது, எதிர்வீட்டு ஹேமா என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்து கேட்டாள். "ஐயோ, பாவம்" என்றாள். உண்மையாகவே சொன்னாள். நல்ல மனசுக்காரி, அவளைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன்.

தட்டை எடுத்துக் கழுவும் தொட்டியில் போடும்போது, அங்கிருந்தபடியே கேட்டாள்.

"ஆனாலும், அந்த நேரத்துல அவ உள்ளயே இருந்திருக்கலாம் இல்லைங்க?"