ஃபிரிஸ்கோவில் வெளியே சொல்லாத நெருக்கடி

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு டாலஸில் இறங்கினேன். ஈரோட்டுக் கல்லூரியில் என்னிடம் பொருளாதாரம் படித்துவிட்டுக் கணினிக்குத் தாவிய செந்தில் காருடன் காத்திருந்தான். அவன் குடியிருக்கும் ஃபிரிஸ்கோ இருபத்தைந்து மைல்தான். நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. வழியில் சாப்பிட்ட மசால் தோசை பதினான்கு டாலர். பர்ஸை எடுக்கவே என்னை விடவில்லை.

மறுநாள் அவன் குடியிருப்பின் கிளப்ஹவுஸில் நான் பேசுவதாக ஏற்பாடு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டன்தான் என் பாடம். நாட்டின் டாலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. அரசு சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியது. ரொட்டிக்கே ரேஷன் வந்தது. நிலக்கரி இல்லாமல் ஆலைகள் மூடி வேலைகளும் போயின. அப்படியும் என்ன நெருக்கடி என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. அது ஏன் என்றுதான் இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் செந்தில் என் குறிப்புகளை வாங்கிப் பார்த்தான்.

“சார், வேலை போறதப் பத்தி வர்ற பகுதிய ஸ்கிப் பண்ணிடலாமா? எல்லாரும் ஃபேமிலியா வர்றாங்க. கொஞ்சம் பாசிட்டிவா முடிங்க.”

“ரேஷன்ல பாசிட்டிவா என்னப்பா சொல்றது?”

“அப்ப ஷார்ட்டா சொல்லிடுங்க சார்.”

கிளப்ஹவுஸ் அரை மைல். நடந்தே வருகிறேன் என்றாலும் கேட்காமல் காரில் ஏற்றி, அதை நிறுத்த இடம் தேடிப் பத்து நிமிடம் சுற்றினான். நாலு மணிக் கூட்டம் நாலே முக்காலுக்குத் தொடங்கியது. வந்தவர்கள் முப்பது பேர். பேசி முடித்ததும் முதல் கேள்வி, வீட்டுக் கடன் வட்டி எப்போது குறையும். இரண்டாவது, இப்போது தங்கம் வாங்கலாமா. மூன்றாவது ஆள் சமோசா வந்துவிட்டதா என்று கேட்டார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

“ஒரு நாட்டுக்கே கஷ்டம் வந்தப்ப ஜனங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு ஒருத்தர்கூட கேக்க மாட்டீங்களா?”

கடைசி வரிசையிலிருந்து செந்திலின் மனைவி கவிதா எழுந்தாள்.

“தெரியாம இல்ல சார். வெளிய சொல்லியிருக்க மாட்டாங்க. இவருக்கு லே-ஆஃப் ஆகி மூணு வாரம் ஆச்சு. வேல போனா விசாவுல அறுபது நாள்தான் டைம். அதுக்குள்ள வேற வேல கிடைக்கலன்னா நாங்க கிளம்பணும். யார்கிட்டயும் சொல்லாதேன்னுட்டார். உங்க யாருக்காவது ஓப்பனிங் தெரிஞ்சா சொல்லுங்க.”

செந்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மைக்கைக் கீழே வைத்தேன்.

ஞாயிறு பகல் பதினோரு மணிக்கு விமான நிலையம் கிளம்பினோம். பாதி வழியில் செந்தில் சொன்னான்.

“அவ மேல ரொம்பக் கோவமா இருந்தேன் சார். காலைல பக்கத்து வீட்டு மகேஷ் வந்தார். அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாதுன்னு நான் மூணு வாரமா ஆஃபீஸ் போற மாதிரி கிளம்பி லைப்ரரில உக்காந்துட்டு வரேன். அவரும் ஒரு மாசமா அப்படித்தானாம். நான் ஃபிரிஸ்கோ லைப்ரரி, அவர் பக்கத்து ஊரு ப்ளேனோ லைப்ரரி.” சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. “நாளைலேர்ந்து ரெண்டு பேரும் எங்க வீட்லயே உக்காந்து அப்ளை பண்றோம்.”

விமானத்தில் என் குறிப்புகளைப் பிரித்தேன். பிரிட்டிஷ்காரர்களின் அறியாமையைப் பற்றி நான் எழுதியிருந்த பக்கத்தைப் படிக்கப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் செந்தில் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. ஈரோட்டில் எங்கள் தெருவில் யாருக்கெல்லாம் வேலை போயிருக்கிறது என்றும் நான் இதுவரை கேட்டதில்லை.