நீளம் குறையும் சட்டைகள்

டுலூத் நகரில் பனி அள்ளும் வண்டி ஓட்டும் ஓரின் ஹால்வர்சன், பொய் சொல்லத் தெரியாதவர் என்று பெயர் வாங்கியவர். அஞ்சலகத்தில் யாருக்கும் சந்தேகம் வராததற்கு அதுதான் காரணம்.

"மறுபடியும் டூசானுக்கா? உள்ள பாம்புச் சட்டைதான?" என்பார் கவுன்டரில் இருக்கும் மார்வா, உறையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து.

"ஆமா."

"என் பொண்ணுக்கு நான் கேக் அனுப்பறேன். அதுக்கே ஒரு தேங்க்ஸ் வராது."

மகள் சிக்னி டூசானில் கல்லூரிக்குப் போனபோது அவரிடம் விட்டுச்சென்றது ஒரே ஒரு பொறுப்பு: பிக்கிள் என்ற சோளப்பாம்பு. செம்மஞ்சள் நிறம், விஷமில்லை, சாதுவான குணம். அது உரிக்கும் சட்டையை எல்லாம் அவளுக்கு அனுப்ப வேண்டும். கண்களை மூடியிருந்த தோல் இரண்டும் கழன்று வந்திருக்கிறதா, வால்நுனி முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பாள். பாம்பு நலமாக இருப்பதற்கு அதுதான் அத்தாட்சி. பிறகு அறைச் சுவரில் வரிசையாக ஒட்டிவைப்பாள்.

சென்ற குளிர்காலத்தில், விழுந்ததும் பனிக்கட்டியாகிற உறைமழை பெய்து மின்கம்பிகள் அறுந்தன. ஓரின் ஊர்ச் சாலைகளில் பனியை அள்ளி வழி திறந்துகொண்டிருந்தார்; தூக்கமும் பணிமனையில்தான். அவர் வீடு திரும்பியபோது மின்சாரம் வந்து, பாம்பின் கண்ணாடித் தொட்டிக்குச் சூடு தரும் விளக்கு மறுபடி எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே பிக்கிள் விறைத்துக் கிடந்தது.

மகளுக்குத் தேர்வு நேரம், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தார். அந்த அப்புறம் வரவேயில்லை. கோடையிலும் அவள் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். "சட்டை எங்கப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவள் பள்ளி நாட்களில் குப்பையில் போடச் சொன்ன சட்டைகளை அவர் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைத்திருந்தார். கடைசியாக வைத்ததை எடுத்து அனுப்பினார். அடுத்து, அதற்கு முந்தையதை.

இப்படியாக, செத்த பாம்பு உறைக்கு உறை இளமையாகிக்கொண்டே போனது. ஓரினுக்கு அது தெரியாமலில்லை. சட்டைகளை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பலகைமேல் இழுத்து, குண்டூசி குத்திக் காயவைத்தார். கொஞ்சம் நீளும். இன்னும் இழுத்தால் கிழியும்.

தொட்டி விளக்கை அவர் அணைக்கவில்லை. வீடியோவில் மகள் கேட்டால், "உள்ள ஒளிஞ்சிருக்கு" என்று தொட்டிக்குள் இருந்த மரப்பட்டைக் குகையைக் காட்டுவார். கிண்ணத்திலும் தண்ணீர் ஊற்றிவந்தார். விளக்குச் சூட்டில் தண்ணீர் வற்றத்தான் செய்யும். ஆனாலும் காலையில் மட்டம் இறங்கியிருப்பதைப் பார்க்கையில், குடித்துவிட்டுப் போயிருக்கிறது என்றே மனம் சொல்லியது. சில நாள் குகைக்குள் பரப்பிய மரச்சீவல் சரசரப்பதும் கேட்டது. தூக்கிப் பார்க்க மட்டும் கை வரவில்லை.

நவம்பரில் சிக்னி கூப்பிட்டாள்.

"அப்பா, பிக்கிள் ஒழுங்கா சாப்பிடுதா?"

"நல்லா சாப்பிடுதே."

"சுவத்துல சட்டையெல்லாம் படிக்கட்டு மாதிரி இறங்கிட்டே போகுது. ரூம்மேட் சிரிக்கிறா, உங்க வீட்டுப் பாம்பு டயட்ல இருக்கான்னு."

"காயவெச்சதுல சுருங்கியிருக்கும்மா."

அவள் சிரிக்கவில்லை. "கழுத்துல எலி கடிச்ச தழும்பு இருக்கும்ல. எல்லாச் சட்டையிலயும் அந்த இடம் சுருங்கி வரும். நேத்து வந்ததுல இல்ல."

"ஆறியிருக்கும்."

"ஆறல. அந்தச் சட்டை எலி கடிக்கறதுக்கு முன்னாடி உரிச்சது. பழசையெல்லாம் எடுத்து வெச்சிருந்தியா?"

ஓரின் தொட்டியைப் பார்த்தார்.

"எப்பப்பா?"

"ஐஸ் மழையப்ப. நான் வண்டியில இருந்தேன். ஊர்ல இருக்கற ரோடெல்லாம்..."



"எங்க புதைச்ச?"

"லைலாக் செடிக்குக் கீழ."

"இன்னும் சட்டை மிச்சம் இருக்கா?"

"ஒண்ணுதான். முதல்முதல்ல உரிச்சது. ஷூ லேஸ் மாதிரி இருக்கு."

"அத அனுப்பாத."

"சரிம்மா. விளக்கையும் அணைச்சிடறேன்."

"வேணாம். தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வர்றேன். நான் வந்து அந்தக் குகையைத் தூக்கிப் பாக்கற வரைக்கும் எரியட்டும்."

ஓரின் போனை வைத்தார். கிண்ணத்தில் தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. எடுத்துப்போய் நிரப்பிக்கொண்டு வந்தார்.