பசிச்சா போங்க

திருநின்றவூர் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது மணி சார் போன் செய்தார். கோதாவரி மேடத்தின் கணவர். "பாஸ்கரு, கோதாவரி போயிட்டாப்பா" என்றார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாராம், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். வண்டி வந்து நின்றது, கிளம்பியும் போனது. நான் ஏறவில்லை.

அடுத்த வண்டியைப் பிடித்து அம்பத்தூரில் மேடம் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் செல்போனில் அஞ்சலிகள் குவிந்துவிட்டன. 'சமையல் அரசி மறைந்தார்.' 'கைமணத்தால் தமிழர் நெஞ்சை வென்ற தாய்.' 'யார் மனதையும் நோகடிக்காத பண்பாளர்.' படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைச் சொல்கிறார்கள் இவர்கள்? மேடத்துக்கு வெந்நீர் வைப்பதைத் தவிர அடுப்படியில் ஒன்றும் தெரியாது. அவர் சாப்பாட்டைப் பற்றி எழுதியவர். முதலில் வாரப் பத்திரிகையில் எழுதினார், பிறகு டிவியில் பேசினார், கடைசியில் யூடியூபில் திட்டினார். அந்த யூடியூப் காலம் முழுவதும் அவருக்குக் கேமரா பிடித்தவன் நான். பெண் என்றால் செத்த பிறகாவது கையில் கரண்டியைத் திணித்துவிட வேண்டுமா?

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் சொன்னார்: "எனக்குச் சமைக்கத் தெரியாதுடா. சாப்பிடத் தெரியும். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு அதுவே தெரியாது." வீட்டில் சமையல் மணி சார்தான். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து அவர் பொங்கிப் போடுவார், மேடம் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்.

அவருடைய ரசிகர்கள் எல்லோருக்கும் இரண்டு தீர்ப்புகள் தெரியும். 'சாப்பிடலாம்' என்றால் உச்சபட்சப் பாராட்டு. அதற்கு மேல் அவர் வாயில் வார்த்தையே கிடையாது. 'பசிச்சா போங்க' என்றால் கடையைக் கழுவி ஊற்றிவிட்டார் என்று பொருள். பசித்தவன் எதையும் தின்பான், ருசிக்காக அந்தப் பக்கம் போய்விடாதீர்கள் என்பது அதன் விளக்கம்.

குறை இல்லாத மனுஷியா? இல்லவே இல்லை. சென்னீர்குப்பத்தில் ஒரு பரோட்டா கடை. அன்று மேடத்துக்கு மூக்கே திறக்காத ஜலதோஷம். "இன்னொரு நாள் எடுக்கலாம் மேடம்" என்று கெஞ்சினேன். "உன் வேலையைப் பாரு" என்று உட்கார்ந்து, சால்னாவில் வாசமே இல்லை, பசிச்சா போங்க என்று சொல்லிவிட்டார். கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. தப்பு என்று எத்தனையோ முறை சொல்லியும் கேட்கவில்லை. மறு வருடம் தானாகவே போய் உட்கார்ந்து சாப்பிட்டு, கேமராவைப் பார்த்து "சாப்பிடலாம்" என்றார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. கடைக்காரர் ஏழுமலை முகத்துக்கு நேராகவே கேட்டார்: "ஒரு வருசம் ஈ ஓட்ட உட்டுட்டு இப்போ வந்து இன்னாம்மா சாப்டலாம்?" மேடம் இன்னொரு பரோட்டா கேட்டு வாங்கினார். அது அநியாயம்தான். இன்றைக்கும் அதை நியாயப்படுத்த மாட்டேன்.

சாவு வீட்டு வாசலில் அந்த ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். "கோவம் இன்னும் கீது அண்ணாத்தே. ஆனா அந்தம்மா யாருக்கும் ஜால்ரா அடிக்கல. அத்தான் வந்தேன்" என்றார். அன்று நான் கேட்ட அஞ்சலிகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

மதியம் ஒரு வேன் வந்தது. வானகரம் பக்கம் உள்ள ஒரு பெரிய ஓட்டலுடையது. பெயர் வேண்டாம், ஓசி விளம்பரம் மேடத்துக்கு ஆகாது. துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று சாம்பார் சாதப் பொட்டலங்களை அனுப்பியிருந்தார்கள். அதுவரை சரி. வேனில் ஒரு பேனர். மேடத்தின் சிரித்த படம், பக்கத்தில் ஓட்டல் படம், கீழே கொட்டை எழுத்தில்: "'பசிச்சா போங்க!' என்று எங்களை மனதார வாழ்த்திய அன்னைக்குக் கண்ணீர் அஞ்சலி."

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஓட்டலை மேடம் கழுவி ஊற்றிய வீடியோவை எடுத்தவனே நான்தானே! அவர் இருந்தபோது இதைச் செய்யத் துணிச்சல் உண்டா? வாயை மூடிப் படுத்த பிறகு அவர் வாயையே வாடகைக்கு எடுக்கிறார்கள்! மேனேஜர் ஒரு பொட்டலத்தோடு மணி சாரிடம் போய், "கேமரா சார், ஐயா வாங்குற மாதிரி ஒரு ஷாட்" என்று என்னைக் கூப்பிட்டார். நான் சட்டையைப் பிடிக்கப் போனேன். மணி சார் கையமர்த்தினார்.

பேனரை நிதானமாகப் படித்தார். "இது பாராட்டுன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"மேடமே சொன்னதுதானே சார்?"

"தம்பி, கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவளுக்கு நான்தான் சமைச்சுப் போடறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் சமையலைச் சாப்பிடலாம்னு அவ சொன்னதில்லை. நேத்து ராத்திரி ரசத்துக்கும் உப்பு கம்மின்னு சொல்லிட்டுத்தான் படுத்தா. எனக்கே பொய் சொல்லாதவ, உங்களுக்குச் சொல்லியிருப்பாளா? பேனரைக் கழட்டிட்டு வண்டிய எடுங்க."

குரல் உயரவேயில்லை. பேனர் இறங்கியது, வேன் போனது. பந்தலில் இருந்தவர்கள் டீயும் பன்னுமாகச் சமாளித்தோம்.

நேற்று காரியம். சமையலுக்கு ஆள் வைக்கலாம் என்று உறவினர்கள் எவ்வளவோ சொல்லியும் மணி சார் தானே சமைத்து, மேடத்தின் படத்துக்கு முன்னால் படைத்தார். பிறகு பந்தியில் எல்லோரும் "பிரமாதம் மாமா", "அத்தைக்குக் குடுத்து வைக்கலை" என்றார்கள். அவர் தலையாட்டிக்கொண்டே சாம்பார் வாளியோடு வந்து என் இலைக்கு முன்னால் நின்றார். நகரவில்லை.

பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

"உப்பு கம்மி சார்."

பக்கத்தில் இருந்தவர் என் தொடையைக் கிள்ளினார். மணி சார் வாளியை அப்படியே கீழே வைத்தார். அத்தனை நாளும் அழாத மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதைச் சொல்ல வீட்ல ஆள் இல்லையேப்பா" என்றார். பிறகு உப்பு எடுத்துவர உள்ளே போனார்.

போய் வாருங்கள், மேடம். அன்பே உருவானவர் என்று உங்களைப் பற்றி எவனாவது இனி எழுதட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.