பம்பரத்தின் படகும் இரண்டு வால் தகடுகளும்

என் தங்கச்சி புருஷனுக்குத் துறைமுகப் பக்கம் பம்பரம் என்று பெயர். வைத்தவன் யாரென்று தெரியாது, சரியாக வைத்திருக்கிறான். கல்யாணப் போட்டோவில் எல்லார் முகமும் துலக்கமாக இருக்கும், மாப்பிள்ளை முகம் மட்டும் கலங்கல். "அசையாதீங்க, அசையாதீங்க" என்று போட்டோக்காரருக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம். நேரில் மாப்பிள்ளை என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறேன். எழுத உட்கார்ந்தால் அவன் என்றுதான் வருகிறது. வயதில் சின்னவன், போகட்டும்.

அவன் பார்க்காத வேலை கிடையாது. ஒரு கிடங்கில் வாட்ச்மேனாக வைத்தார்கள். நாற்காலியில் இருப்புக் கொள்ளாமல் தெருத் தெருவாக ரோந்து சுற்றிவிட்டு வந்தான். வந்தபோது நாற்காலி இருந்தது, கேட்டைக் காணோம். அப்புறம் ஒரு பெரிய கட்டடத்து லிஃப்ட்டில் பட்டன் அமுக்கும் வேலை. பெட்டிக்குள் நின்றால் மூச்சு முட்டுகிறது என்று, வந்தவர்கள் பையைப் பிடுங்கிக்கொண்டு படிக்கட்டில் ஏறினான். அதுவும் போயிற்று. கடைசியில் ஒரு சின்ன ஃபைபர் படகும், அதன் பின்னால் தொங்குகிற ஓர் இன்ஜினும் வாய்த்தன. தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர், மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் விரிகுடாவின் எதிர்க்கரைக்குக் கொண்டு போவான். நின்றபடியே ஓட்டலாம், யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். அந்த வேலையில்தான் நிலைத்தான்.

நான் படகுப் பட்டறையில் ஃபைபர் வேலை பார்க்கிறவன். உடைந்ததை ஒட்டுவேன், ஓட்டையை அடைப்பேன். அந்தப் படகு மூட்டைக்குச் சரி, மனுஷருக்குச் சரிவராது என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். கிளம்பும்போது மூக்கைத் தூக்கும். ஓட்டுகிறவனுக்கு முன்னால் வானம்தான் தெரியும். வேகம் எடுத்தால் தட் தட்டென்று வயிற்றால் தண்ணீரை அடிக்கும். ஸ்டியரிங், பேட்டரி, பெட்ரோல் கேன், பம்பரம் எல்லாம் வலது பக்கம். அதனால் வலப்புறம் சாய்ந்தே ஓடும். சிலிண்டரும் மூட்டையும் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

வாய் திறந்தவள் என் தங்கச்சி. அவளுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு இடது பாதம் மரத்துப் போனது. நடக்கும்போது செருப்பு கழன்று விழும், அவளுக்கே தெரியாது; நாலு அடி தள்ளிப் போய்த்தான் திரும்பிப் பார்ப்பாள். எதிர்க்கரை ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி கொடுக்கிற அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "இப்ப விட்டா பாதம் திரும்ப வராது. வாரா வாரம் வந்தே ஆகணும்."

பஸ் விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு போகும். அரை நாள் பிரயாணம், வழி முழுக்கக் குழி. பெரிய லாஞ்ச் நின்று போய் வெகு காலம். இருப்பது புருஷனின் படகு ஒன்றுதான். அது தண்ணீரில் அடிக்கிற ஒவ்வொரு அடியும் நேராக அவள் இடுப்பில் இறங்கியது. சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு போய் வந்தாள். ஒருநாள் திரும்பி வந்து வாசலைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"இனிமே அதுல ஏற மாட்டேன். கால் போனா போகட்டும், இடுப்பாவது மிஞ்சட்டும்."

"மெதுவா ஓட்டறேன்" என்றான் பம்பரம்.

"மெதுவான்னா என்னன்னு உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

அடுத்த வாரம் அவள் போகவில்லை. பம்பரம் பட்டறைக்கு வந்தான், போனான், மறுபடி வந்தான். நான் தேய்த்துக்கொண்டிருந்த படகையே சுற்றிச் சுற்றி வந்தான். ஃபைபர் தூசி அவன் தலையெல்லாம் படிந்துவிட்டது.

"மச்சான், ஏதாவது பண்ணுங்க. நேத்து வாசப்படியில தடுக்கிட்டா. பாதம் தூக்கவே மாட்டேங்குது."

"முதல்ல ஒரு இடத்துல நில்லுங்க, மாப்ள. எனக்குத் தலை சுத்துது."

அந்தச் சமயம் பாறையில் ஏறி உடைந்த ஓர் உல்லாசப் படகு எங்கள் பட்டறை மூலையில் கிடந்தது. அடிப்பகுதி போய்விட்டது, பின்பக்கம் மட்டும் முழுசாக இருந்தது. அதில் டிரிம் டேப் என்கிற இரண்டு தகடுகள் இருந்தன. பட்டறையில் நாங்கள் வால் தகடு என்போம். படகின் பின்பலகைக்குக் கீழ் விளிம்பில், இன்ஜினுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, கீல் வைத்து மாட்டியிருக்கும். பட்டனை அமுக்கினால் மோட்டார் தகட்டைக் கீழே தள்ளும், பட்டனின் மறுமுனையை அமுக்கினால் மேலே இழுக்கும். ஓடுகிற தண்ணீர் தகட்டில் பட்டுப் படகின் பின்பக்கத்தைத் தூக்கும். பின்பக்கம் தூக்கினால் மூக்கு இறங்கும். ஒரு பக்கத் தகட்டை மட்டும் இறக்கினால் சாய்வு நிமிரும். முதலாளியிடம் கேட்டேன். "கழட்டிக்கோ, இடத்தை அடைக்குது" என்றார்.

பம்பரத்தின் படகைக் கரையேற்றித் தள்ளுவண்டியில் வைத்தோம். விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி, அடியிலிருந்து எவ்வளவு மேலே என்று பென்சிலால் கோடு போட்டேன். பலகையில் துளை போடுவது விளையாட்டில்லை. ஃபைபருக்கு உள்ளே மரம் இருக்கிறது. துளையில் தண்ணீர் இறங்கினால் உள்ளுக்குள் ஊறி, ஒருநாள் இன்ஜினே பலகையோடு கழன்று விழும். ஒவ்வொரு துளையிலும் பசையை நிரப்பித்தான் திருகாணியை இறக்கினேன். பம்பரம் பசைக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு துளைக்கு அமுக்கச் சொன்னால் மூன்று துளைக்கு அமுக்கினான். என் கை, அவன் சட்டை, பென்சில் எல்லாம் பசை.

வயரிங் வேலையைப் பட்டறை வயர்மேன் முடித்துக் கொடுத்தார். ஸ்டியரிங் பக்கத்தில் இரண்டு பட்டன். "எந்தப் பக்கம் மேல தூக்குதோ அந்தப் பக்கத்துப் பட்டனை அமுக்குங்க. வேற யோசனையே வேணாம்" என்றார்.

நானும் பம்பரமும் ஓட்டிப் பார்த்தோம். தங்கச்சி உட்காரும் இடத்தில் ஒரு மணல் மூட்டையை வைத்தேன். மூக்கு இறங்கியது, எதிரே தண்ணீர் தெரிந்தது. வலது பக்கம் சாய்ந்தபோது இடது பட்டனைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கினான். படகு நிமிர்ந்தது. இத்தனை வருஷமாகச் சாய்வுக்கு எதிராகவே நின்று பழகியவன், படகு நிமிர்ந்ததும் தானே சாய்ந்தான்.

மறுநாள் தங்கச்சியை ஒருவழியாகக் கூட்டி வந்தோம். என் பேச்சை நம்பித்தான் வந்தாள். படகில் ஒரு மெத்தை போட்டு அதன்மேல் உட்கார வைத்தேன், நான் எதிரில் உட்கார்ந்தேன். துறைமுகத்தைத் தாண்டி வேகம் எடுத்ததும் வழக்கம்போல் வலது பக்கம் சாய்ந்தது.

"இடதை அமுக்குங்க" என்றேன்.

அமுக்கினான். இன்னும் சாய்ந்தது.

"இடது, மாப்ள, இடது."

"இடதுதான் அமுக்கறேன், மச்சான்."

அமுக்க அமுக்கச் சாய்ந்தது. மெத்தை நழுவியது. அவள் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்தாள். பயந்துபோய் இவன் சட்டென்று வேகத்தைக் குறைத்தான். பின்னால் துரத்தி வந்த எங்கள் அலையே படகைத் தூக்கிப் போட்டது. அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"திருப்புங்க" என்றாள்.

கரைக்கு வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "உன்னை நம்பி வந்தேன், அண்ணே" என்றாள். காலை இழுத்து இழுத்துப் போனாள்.

நான் வயர்மேனை வையலாம் என்று பட்டறைக்குத் திரும்பினேன். பம்பரம் குறுக்கே வந்து நின்றான். நின்றான் என்றால் நின்றான், அசையவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மச்சான், நேத்து சாயங்காலம் நான் ஒண்ணு பண்ணினேன்."

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"ஓட்டிட்டு வந்து படகை வண்டியில ஏத்தினப்ப சும்மா பட்டனை அமுக்கிப் பார்த்தேன். இடதை அமுக்கினா வலது தகடு இறங்குது. வலதை அமுக்கினா இடது இறங்குது. வயர்மேன் மாத்திக் கொடுத்துட்டார், ஓட்டினப்ப நிமிர்ந்தது ஏதோ அதிர்ஷ்டம், நீங்களும் கவனிக்கலைன்னு நினைச்சு, வயரைக் கழட்டி நேராக்கிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா உங்க மானம் போயிடுமே."

என் மானத்தைக் காப்பாற்ற இவன் புறப்பட்டிருக்கிறான். ஒரு பலகைத் துண்டை எடுத்து அவன் கையில் வைத்து, பின்முனையில் வலது ஓரத்தைத் தூக்கிக் காட்டினேன். முன்முனையில் இடது ஓரம் இறங்கியது. பட்டன் சொல்வது மூக்கில் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பதை. தகடு இருப்பது வாலில். அதனால்தான் வயரை இடம் வலம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பலகையை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதை நேத்தே காட்டியிருக்கலாமில்ல?"

"நீங்க நேத்தே கேட்டிருக்கலாமில்ல?"

வயரைப் பழையபடி மாற்றினேன். தங்கச்சி மனசை மாற்றுவதுதான் எப்படியென்று தெரியவில்லை. பம்பரம் வீட்டுக்கு உள்ளே போவான், சமையற்கட்டு வாசலில் நிற்பான், வெளியே வருவான். அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்னொரு வாரமும் வீணானது. ஒருநாள் அவன் அவளுடைய செருப்புக்குப் பின்னால் ஒரு வார் வைத்துத் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், கழலாமல் இருக்க. குனிந்து தைக்கிறான், எழுந்து நடக்கிறான், மறுபடி தைக்கிறான்.

அதைப் பார்த்தோ என்னவோ, அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்தப் பட்டனை எங்கிட்ட கொண்டு வர முடியுமா?"

"எதுக்கு?"

"படகு ஆடப்போறது எனக்கு இடுப்புல முதல்ல தெரியுது. அவருக்குத் தெரியறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுது. பட்டன் என் கையில இருந்தா வரேன். இல்லைன்னா வேணாம்."

எனக்கு அப்படி ஒரு யோசனை வந்திருக்காது. நீள வயர் போட்டு, பட்டன் இரண்டையும் ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, அவள் உட்காருகிற இடம்வரை இழுத்தேன். கரையிலேயே வைத்து அவளை அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். அமுக்கினாள், பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"இடதை அமுக்கினா வலது தகடு ஏன் அசையுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பம்பரம் பலகைத் துண்டோடு வந்துவிட்டான். வாலைத் தூக்கினான், மூக்கைக் காட்டினான். ஏதோ அவனே கண்டுபிடித்தவன் மாதிரி விளக்கினான். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "இவ்வளவு தெரிஞ்சவரா அன்னிக்கு என்னைக் கவுக்கப் பார்த்தீங்க?" என்றாள்.

"அன்னிக்குத் தெரியாது."

"பெட்டிமேல கை வச்சீங்கன்னா தெரியும் சேதி."

மறுநாள் காலையில் கிளம்பினோம். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கும் உத்தரவு. மூக்கு எழும்பும்போதே இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினாள். அதிகமாகி மூக்கு தண்ணீரை முட்டியது, படகு பக்கவாட்டில் இழுத்தது. மறுமுனையை அமுக்கிக் கொஞ்சம் மேலே ஏற்றினாள். அப்புறம் இடதைத் தொட்டுத் தொட்டு நிமிர்த்தினாள். அலை இருந்தது, அடி இல்லை என்று சொல்ல மாட்டேன், அடி சின்னதாகிவிட்டது. நிமிர்த்தி முடிப்பதற்குள் பம்பரம் இடம் மாறி நிற்பான். படகு சாயும். அவள் மறுபடி அமுக்க வேண்டும்.

"ஏங்க, ஒரே இடத்துல நில்லுங்க. நீங்க ஒரு அடி வச்சா நான் ஒரு பட்டன் அமுக்க வேண்டியிருக்கு."

"வலிக்குதான்னு பார்க்க வந்தேன்."

"வலிச்சா சொல்றேன். முன்னால பாருங்க."

எதிர்க்கரையில் இறங்கி அவள் ஆஸ்பத்திரிக்குள் போனாள். பம்பரம் கூடப் போகவில்லை. உள்ளே பெஞ்சில் உட்காரச் சொல்வார்கள். படகுத்துறையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தான். மதியத்துக்குமேல் காற்று கிளம்பி, தண்ணீர் வெள்ளை வெள்ளையாக உடைந்தது. அவன் காற்றைப் பார்ப்பான், ஆஸ்பத்திரி வாசலைப் பார்ப்பான், கயிற்று முடிச்சை இறுக்குவான். எனக்கும் உட்கார முடியவில்லை.

வெயில் சாயும்போது வந்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்றான்.

"கட்டை விரல் லேசா அசையுதாம். எனக்கு ஒண்ணும் தெரியலை. அவங்க பார்த்தாங்களாம். ரெண்டு வாரம் ஏன் வரலைன்னு திட்டினாங்க. அடுத்த வாரம் கண்டிப்பா வரணுமாம்."

அவன் குனிந்து அவள் பாதத்தைப் பார்த்தான், விரல் அப்போதே அசைந்து காட்டும் என்பதுபோல. பிறகு தண்ணீரைப் பார்த்தான்.

"காத்து பலமா இருக்கு. நின்னப்புறம் போலாம். காலையில இருந்த மாதிரி இல்லை இது."

"எப்ப நிக்கும்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். யாருக்குத் தெரியும்?

அவள் என் தோளைப் பிடித்துப் படகில் இறங்கினாள். மெத்தையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கயித்தை அவிழுங்க" என்றாள்.