அடுப்படிப் பள்ளிக்கூடம்

சொந்தப் பிள்ளைக்கு வாத்தியாராக இருப்பதைப் போல் சம்பளமும் இல்லாத, லீவும் இல்லாத வேலை வேறில்லை. வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். அறுபதுகளில், அந்தமானில் மாயாபந்தருக்கு வடக்கே ஒரு மரம்வெட்டும் முகாமில் என் வீட்டுக்காரர் கிளார்க். அங்கே என் மகள் கமலாவுக்கு அஞ்சாம் வகுப்பு வரை நான்தான் பள்ளிக்கூடம்.

மாஸ்டர் ஊருக்குப் போனார்

எடுத்த எடுப்பில் நான் வாத்தியார் வேலைக்கு ஆசைப்படவில்லை. கமலாவை ஒழுங்காகத்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். காலையில் லாஞ்சு என்கிற மோட்டார் படகில் போய் மாலையில் வருவாள். கடல் கொந்தளித்தால் லாஞ்சு கிடையாது. சேர்ந்த மறுமாதமே அங்கிருந்த ஒரே மாஸ்டர் மெயின்லேண்டுக்கு லீவில் போனார். கப்பல் கிடைக்கவில்லை, உடம்புக்கு ஆகவில்லை என்று மழைக்காலம் முழுக்க ஊரிலேயே இருந்துவிட்டார். மணி மட்டும் வேளைக்கு அடித்தார்கள்.

பிள்ளை தினமும் அதே "அ, ஆ" எழுதிய சிலேட்டோடு வந்தது. நான் எட்டாவது வரை படித்தவள். நானே சொல்லித்தரட்டுமா என்று வீட்டுக்காரரிடம் தயங்கித்தான் கேட்டேன். அவர் வேட்டியை மடித்துக்கொண்டே சொன்னார்: "சொல்லிக்குடு. ஸ்கூலுக்குப் போய்வந்து செருப்புதான் தேயுது, பலப்பம் தேயலையே."

அடி இல்லாத படிப்பு

சோறு பொங்கும்போது கணக்கு, குழம்பு கொதிக்கும்போது தமிழ். இரண்டு வேலைக்கும் எனக்கு ஒரே வாய் என்பதால் ஒரு சட்டம் போட்டேன். கமலா எதைப் படித்தாலும் அன்றைக்கே தங்கை ராணிக்குச் சொல்லித்தர வேண்டும். விடையைச் சொல்லக்கூடாது, வழியைத்தான் சொல்ல வேண்டும். ராணிக்கு விளங்கினால்தான் கமலா படித்ததாகக் கணக்கு. பாடம் முடியாமல் நடுவில் எழுந்தால் எனக்குக் கோபம் வரும்.

இது கம்பவுண்டர் வீட்டு மரகதம் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்து, அடி வாங்காத படிப்பு ஒரு படிப்பா, பொட்டப்பிள்ளை வாழ்க்கையைக் கெடுக்கிறேன் என்பார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லையே அக்கா என்றால், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வருவார் என்பார். அடிதான் குறை என்றால் அதை நானே கொடுக்கிறேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "சுனோ, கேளு கமலாம்மா, பெத்தவ அடிச்சா புள்ள அழும். வாத்தியார் அடிச்சாத்தான் படிக்கும்" என்றார்.

ஆபீசர் கேட்ட கேள்வி

கமலா அஞ்சாம் வகுப்புப் பாடம் படித்த வருஷம் கல்வி இலாகா ஆபீசர் ஒருவர், மதராஸ்காரர், லாஞ்சு பழுதாகி எங்கள் முகாமில் ஒரு பகல் தங்கினார். டீ கொடுத்ததும் கமலாவைக் கூப்பிட்டுக் கணக்கு கேட்டார், வாசிக்கச் சொன்னார். குறை சொல்லவில்லை. ஆனால் சர்டிபிகேட் இல்லாத பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்க்கமாட்டார்கள், போர்ட் பிளேயரில் பரீட்சை எழுதித் தேற வேண்டும் என்றார்.

தேறினால் அங்கேயே டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் இருக்கும் என் தங்கை வீட்டில் இருந்து படிப்பாள், லீவுக்கு லீவு வீட்டுக்கு வருவாள். தேறாவிட்டால் மெயின்லேண்டில் கொழுந்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று என் வீட்டுக்காரர் அன்றே முடிவு செய்துவிட்டார். பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் நான் அவள் முகம் பார்க்க முடியும்.

போகும் முன் ஆபீசர் கமலாவிடம் யாரோடு விளையாடுவாய் என்று கேட்டார். ராணியோடு என்றாள். ராணியை விட்டால்? மரம் இழுக்கும் யானையைக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அது சுருக்கென்றுதான் இருந்தது. "படிப்பு பத்தாதுன்னு சொல்லலம்மா. சண்டை போட ஆள் பத்தாது" என்றார்.

பரீட்சை அறையில்

போர்ட் பிளேயர் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் நானும் என் தங்கையும் காத்திருந்தோம். பாதிப் பரீட்சையில் ஹெட்மாஸ்டர் கமலாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். பக்கத்துப் பெண்ணோடு பேசினாளாம். பேசியது மட்டுமல்ல, பின்னக் கணக்கு வராமல் அந்தப் பெண் அழுததும், இவள் தன் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு அவளுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாளாம். நிறுத்தச் சொன்ன டீச்சரிடம், "இவளுக்கு இன்னும் விளங்கல, முடிச்சிட்டு வர்றேன் டீச்சர்" என்று சொல்லியிருக்கிறாள்.

எனக்குக் கப்பல்தான் கண்ணில் தெரிந்தது. பிள்ளையை மெயின்லேண்டுக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எங்கள் வீட்டுச் சட்டத்தைச் சொன்னேன். ஹெட்மாஸ்டர் உள்ளே போய் இரண்டு தாள்களையும் எடுத்துவந்தார். அந்தப் பெண்ணின் தாளில் கமலா கோடு போட்டுப் பங்கு பிரித்துக் காட்டியிருந்தாள். விடை எங்கேயும் இல்லை. கமலாவைத் தன் அறையில் தனியாக உட்காரவைத்து மிச்சத்தை எழுதச் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்துத் திருத்திய தாளோடு வந்து, ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் கொண்டுவந்து விடச் சொன்னார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்கு வேறு என்ன குறை என்று கேட்டேன். "கணக்கு தெரியுது, பரீட்சை தெரியல. அதைச் சொல்லித்தர நாங்க இருக்கோம், நீங்க கவலைப்படாதீங்க" என்றார்.

ஆக, எழுத்தும் எண்ணும் அடுப்படியிலேயே வந்துவிடும், தெரிந்ததைப் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்குத்தான் அரசாங்கம் கட்டடம் கட்ட வேண்டியிருக்கிறது.